சாம்பல் தலை வானம்பாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட மேட்டுக்காடுகளில் 12 ஆண்டுகளாகப் பறவை பார்த்து வருகிறேன். “அந்தப் பொட்டல் காட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று வழிமறித்துக் கேட்காத ஊர் இல்லை. நான் காட்டுவது பெரும்பாலும் ஒரே பறவையைத்தான். ஆடு மேய்ப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மனை பார்க்க வந்தவர்கள், கேமராவோடு வருகிறவர்கள் எனப் பலரும் அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கூடியவரை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே மேலிருந்து படித்து வருவது நல்லது.

எப்படி இருக்கும் இந்தப் பறவை? நான் பார்த்திருப்பேனா?

கட்டாயம் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமல் கடந்திருப்பீர்கள். மண்பாதையில் வண்டியில் போகும்போது, சக்கரம் ஏறிவிடுமோ என்று பதறும் நொடியில் புழுதிக்குள்ளிருந்து எழுந்து, பத்தடி தள்ளி மறுபடியும் மண்ணில் இறங்கி மறைந்துவிடும் குட்டைப் பறவை அது. நீளம் ஏறக்குறைய 12 செ.மீ. சிட்டுக்குருவியை விட ஒரு சுற்றுச் சிறியது. கால் குட்டை, அலகு தடிப்பு. நடப்பதைவிட ஊர்வது போலத் தரையோடு ஒட்டிப் போகும்.

ஆண் பறவைக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், கன்னம் அழுக்கு வெள்ளை. கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை ஓடும். தாடையிலிருந்து அடிவயிறு வரை கரி பூசியது போலக் கறுப்பு. முதுகு மட்டும் மண்நிறம். பெண் பறவைக்கு இந்தக் கறுப்பெல்லாம் கிடையாது, உடல் முழுவதும் காய்ந்த மண்ணின் பழுப்புதான். இரண்டையும் ஒரே கூட்டத்தில் பார்த்துவிட்டு இரண்டு இனம் என்று பலர் நினைக்கிறார்கள். அவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும்.

வயிறு முழுவதும் கறுப்பு என்றால் வெட்டவெளியில் பளிச்சென்று தெரியாதா?

தெரியாது. கறுப்பு இருப்பது அடியில். பருந்தின் நிழல் விழுந்தால் பறவை வயிற்றை மண்ணோடு அழுத்திப் பதுங்கிக்கொள்ளும். மேலிருந்து பார்ப்பவருக்கு முதுகின் மண்நிறம் மட்டுமே மிஞ்சும். வானத்தில் ஏறும்போதுதான் அந்தக் கறுப்பு வெளிப்படும். கீழே நிற்கும் பெண் பறவைக்கும் போட்டி ஆணுக்கும் அது தெரிந்தால் போதும். மறைந்தும் இருக்க வேண்டும், தன்னைக் காட்டவும் வேண்டும் என்ற இரண்டு தேவைகளும் அந்தச் சிறிய உடலில் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரிந்திருக்கின்றன.

சிட்டுக்குருவி போலத்தான் இருக்கிறது. அந்த இனமா?

இல்லை. தடித்த அலகு மட்டும்தான் ஒற்றுமை. விதையை உடைத்துத் தின்னும் பறவைகளுக்கு அப்படிப்பட்ட அலகு அமைவது வழக்கம். இது வானம்பாடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் எரிமாப்டெரிக்ஸ் என்பது ஒரு பேரினம், பாலைநிலச் சிறகு என்று பொருள் சொல்லலாம். அதில் உள்ள எட்டு இனங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன. இந்தியாவில் இரண்டு. ஒன்று நம்முடைய சாம்பல் தலை. மற்றொன்று ராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட மணல்வெளிகளில் வாழும் கருந்தலை வானம்பாடி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாம்பல் தலை வானம்பாடி இந்தியத் துணைக்கண்டத்தைத் தாண்டி உலகில் வேறெங்கும் கிடையாது. நம் ஊர்ப் புழுதியில் உட்கார்ந்திருப்பதால் அதற்கு அருமை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

செஞ்சிக்கும் இந்தப் பறவைக்கும் ஏதோ தொடர்பு உண்டாமே?

உண்டு. பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தபோது, செஞ்சிப் பகுதியின் சாம்பல் நிறச் சிறு வானம்பாடியைத் தம் பயண நூலில் விவரித்தார். அந்த விவரணையை வைத்து ஸ்கோபோலி என்ற ஐரோப்பிய இயற்கையியலாளர் 1786இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பெயரின் பின்பாதியான கிரிசியஸ் என்பதற்குச் சாம்பல் நிறம் என்று பொருள். செஞ்சி என்றாலே கோட்டைதான் நினைவுக்கு வரும். அந்தப் பாறைக் குன்றுகளைச் சுற்றியுள்ள காய்ந்த வெளிகளும் எனக்கு அதே அளவு முக்கியமானவை.

வானம்பாடி என்கிறீர்கள். இது பாடி நான் கேட்டதே இல்லையே?

கூவும் நேரம் பார்த்துப் போக வேண்டும். பிப்ரவரி மாதத்தில் வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் ஓரிடத்தில் அசையாமல் நில்லுங்கள். ஆண் பறவை ஒரு மண்ணாங்கட்டியிலிருந்து கிளம்பும். சிறகைப் படபடவென்று அடித்தபடி ஏறக்குறைய செங்குத்தாக 30 மீட்டர் வரை, ஒரு தென்னையின் மேல் இன்னொரு தென்னையை நிறுத்திய உயரத்துக்குப் போகும். அங்கே சிறகை உடலோடு ஒட்டிக்கொண்டு தலைகீழாக விழும். சில அடி விழுந்ததும், விழுந்த வேகத்தைக் கொண்டே வளைந்து மேலெழும். திரும்ப விழும், திரும்ப எழும். கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு ஒன்று வானத்திலிருந்து இறங்குவது போலவும், அதில் ஒவ்வொரு படியாக அது குதித்து வருவது போலவும் இருக்கும். தரைக்கு மிக அருகே வந்ததும் சட்டென்று தட்டையாகி, வேறொரு மண்ணாங்கட்டியின் மேல் போய் உட்காரும்.

இப்படி விழும்போதுதான் குரல் வரும். நீளமாக இழுத்து விடும் ஒரு சீழ்க்கை ஒலி. அதை இனிமையான பாட்டு என்று சொல்ல மாட்டேன். மணிக்கணக்கில் பாடும் வானம்பாடியைக் கதைகளில் படித்துவிட்டு வருபவர்கள் ஏமாந்து போவார்கள். உயரத்தில் நின்றபடி நெடுநேரம் விடாமல் பாடுவது இதன் உறவான சின்ன வானம்பாடி. சாம்பல் தலையின் திறமை காற்றில் விழுவதில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிய கலை.

வானம்பாடி மழைத்துளியை மட்டும் குடித்து உயிர் வாழும் என்று பள்ளியில் படித்தோம். உண்மையா?

நம் இலக்கியத்தில் அந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியது. பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே, தன்னைப் பாடி மழைத்துளியை உணவாகக் கொள்ளும் புள் வாடும்படி வானம் பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்று வருகிறது. அந்தப் புள் வானம்பாடி என்று உரையில் சொல்லப்பட்டது. வானம்பாடியின் வறட்சியைத் தீர்க்கும்படி பெய்த மழையை ஐங்குறுநூற்றின் முல்லைப் பாட்டு ஒன்றும் சொல்கிறது. வடமொழி மரபில் இதே கதையைச் சாதகப் பறவைக்குச் சொல்வார்கள். மழையோடு வந்து சேரும் சுடலைக்குயில்தான் அது.

உண்மையில் சாம்பல் தலை வானம்பாடி தின்பது புல் விதைகளையும் பூச்சிகளையும். எறும்பு, சிறு வண்டு, வெட்டுக்கிளி என்று தரையில் கிடைப்பதைப் பொறுக்கும். குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சிகளை. ஆனால் புலவர்கள் வெறுமனே கற்பனை செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. குளமும் ஊருணியும் இல்லாத காய்ந்த காட்டில், மற்றப் பறவைகள் விலகிப் போன கோடையில், வானத்தைப் பார்த்துக் கூவிக்கொண்டு ஒரு பறவை ஏறுவதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அது எதைக் கேட்கிறது என்ற கேள்விக்கு, அந்த நிலத்தில் வாழ்ந்த எவரும் மழையைத்தான் கேட்கிறது என்று சொல்லியிருப்பார்கள்.

எங்கே போனால் பார்க்கலாம்? சரணாலயம் ஏதாவது இருக்கிறதா?

இதற்கென்று சரணாலயம் தேட வேண்டியதில்லை. புல் குட்டையாக, மண் இடையிடையே தெரிகிற, மரம் அதிகம் இல்லாத இடமாக இருந்தால் போதும். மானாவாரிக் காடு, அறுவடை முடிந்த சோளக்காடு, காய்ந்த ஏரி, ஆற்று மணல் திட்டு, உப்பளத்துக் கரை எல்லாமே அதற்கு வீடுதான். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் வெளிகள், தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களின் ஓரம், கோடியக்கரை ஆகிய இடங்களில் தேடலாம். இலங்கையில் மன்னார், யாழ்ப்பாணம் போன்ற வறண்ட தாழ்நிலங்களில் உண்டு. வடக்கே இமயமலை அடிவாரம் வரை பரவியிருக்கிறது. மலை ஏறாது, கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்குக் கீழேயே பெரும்பாலும் தங்கிவிடும். அடைமழை பெய்யும் பசுமையான நிலம் அதற்கு ஆகாது.

எங்கள் பக்கத்தில் என்றால் கொறங்காடுதான். கிளுவை முள்வேலி அடைத்து, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள் நிற்க, கொழுக்கட்டைப் புல் வளரும் தனியார் மேய்ச்சல் காட்டுக்குக் கொங்கு நாட்டில் அப்படிப் பெயர். காங்கயம் மாடுகள் வளர்ந்தது அந்தக் காட்டில். மாடு மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்திருக்கும் காட்டில் இந்தப் பறவை கண்ணில் படாத நாள் அரிது.

பார்க்கப் போகிறவர்கள் மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். இது கிளையில் உட்காரும் பறவை அல்ல. தூங்குவதும் தரையில்தான்.

மரமே இல்லாத காட்டில் கூடு எங்கே கட்டும்?

வெறுந்தரையில். ஒரு புல்தூரின் அடியிலோ மண்ணாங்கட்டியின் பக்கத்திலோ உள்ளங்கை அளவு குழி இருக்கும். அதற்குள் காய்ந்த புல், வேர், ஆட்டு மயிர், இறகு என மெத்தென்று பரப்பியிருக்கும். குழியின் விளிம்பில் சிறு கற்களையும் மண் கட்டிகளையும் அடுக்கி வைக்கும். முதன்முதலில் அந்தக் கல் வளையத்தைப் பார்த்தபோது, பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போனது என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். இரண்டடி போன பிறகு திரும்பிப் பார்த்தால் ஒரு பறவை அதில் வந்து உட்காருகிறது.

முட்டை இரண்டு அல்லது மூன்று. மங்கிய வெள்ளையில் பழுப்புப் புள்ளிகள் தெளித்திருக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். 13, 14 நாட்களில் குஞ்சு பொரியும். இரண்டும் சேர்ந்தே இரை ஊட்டும். ஆண்டின் பெரும்பகுதி இனப்பெருக்கம் நடந்தாலும் நான் கூடுகளை மிகுதியாகப் பார்ப்பது பிப்ரவரி முதல் மே வரை.

அதாவது கோடையின் உச்சத்தில். கோழி முட்டை மேல் உட்காருவது சூடு கொடுக்க என்று நமக்குத் தெரியும். வெறுங்கால் வைக்க முடியாத மண்ணில் கூடு கட்டும் பறவைக்கு நண்பகலில் வேலை நேர்மாறாக இருக்கும். முட்டையின் மேல் நிழலாக நிற்க வேண்டும். அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, சிறகைச் சற்றே விரித்தபடி ஒரு தாய் நின்றதைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த ஏப்ரல் மதியம் ஒன்று எனக்கு மறக்காது. குடைபிடித்து உட்கார்ந்திருந்த நான் அரை மணியில் எழுந்துவிட்டேன். அது எழவில்லை.

பாம்பு, கீரி, நாய் எல்லாம் சுற்றும் காட்டில் தரையில் முட்டையிடுவது மடத்தனம் இல்லையா?

பல கூடுகள் பறிபோகின்றன, உண்மைதான். ஆனால் வெட்டவெளியில் தனியாக நிற்கும் ஒரு மரத்தில் கூடு கட்டினால் காக்கைக்கு அது தூரத்திலேயே தெரிந்துவிடும். பரந்த தரையில் உள்ளங்கை அளவுக் குழியைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. பறவையும் அதைக் காட்டிக் கொடுக்காது. கூட்டிலிருந்து நேராக எழும்பாமல் சற்றுத் தூரம் குனிந்து நடந்துவிட்டுப் பறக்கும். திரும்பும்போதும் தள்ளி இறங்கி, எதையோ பொறுக்குவது போல நடந்து நடந்து வந்து சேரும். குஞ்சுகளும் நன்றாகப் பறக்கத் தெரியும் முன்பே கூட்டைவிட்டு நடந்து வெளியேறி ஆளுக்கொரு புல்தூரில் பதுங்கிவிடும். ஒரு கூடு போனால் மறுபடியும் முட்டையிட நீண்ட பருவம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த வழி அது.

ஒன்றுக்கு மட்டும் அந்த வழி போதவில்லை என்று அஞ்சுகிறேன். ஊரோரம் கூட்டம் கூட்டமாகத் திரியும் நாய்களைச் சொல்கிறேன். அவை கண்ணால் தேடுவதில்லை, மோப்பம் பிடித்து வருகின்றன.

ஆடு மாடு மிதித்துவிடும் அல்லவா? மேய்ச்சலை நிறுத்திவிட்டால் நல்லதுதானே?

மிதிபடும் கூடுகள் உண்டு. அதற்காக மேய்ச்சலையே நிறுத்தினால் இரண்டு, மூன்று மழைக்குள் புல் முழங்கால் உயரம் வளர்ந்து, அதன் நடுவே சீமைக்கருவேலம் முளைத்துவிடும். இந்தப் பறவைக்குக் கால் குட்டை என்று முதலில் சொன்னேன். அடர்ந்த புல்லில் அதனால் நடக்கவும் முடியாது, எதிரி வருவதைப் பார்க்கவும் முடியாது.

அளவுதான் முக்கியம். கொறங்காட்டுக்காரர்கள் காட்டைப் பாகமாகத் தடுத்து, ஒன்றில் மேய விட்டு மற்றொன்றை ஆறப்போடுவார்கள். புல்லுக்காகச் செய்வது அது. அந்த ஓய்வு நாட்களில் ஒரு கூடு முட்டையிலிருந்து குஞ்சு வரை போய்விட முடியும். நான் பார்த்ததில், நாள் முழுக்க ஒரே இடத்தில் ஆடு நிற்கும் காட்டில் வானம்பாடி இல்லை. ஆடே நுழையாத காட்டிலும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் காணாமல் போகிறதே. வெளிநாடு போகிறதா?

வெளிநாடெல்லாம் இல்லை. நிலம் ஈரமாகிச் செடிகொடி மூடும்போது அருகிலுள்ள காய்ந்த மேட்டுக்கு நகர்ந்துவிடும். ஒரு பகுதிக்குள் இடம் மாறிக்கொள்ளும் பறவை, கண்டம் தாண்டும் பறவை அல்ல. மழை ஓய்ந்து தை பிறந்ததும் அறுவடைக் காடுகளில் கூட்டமாக மேய்வதைப் பார்க்கலாம்.

பெண் பறவையை மற்றப் பழுப்புக் குருவிகளிடமிருந்து பிரிக்கவே முடியவில்லை. ஏதாவது வழி சொல்லுங்கள்.

இது கடினமான கேள்விதான். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் நிலத்தில் புல்வெளிப் பறவைகள் எல்லாமே மண்ணின் நிறத்தைப் போர்த்திக்கொண்டவை. உருவத்தையும் பழக்கத்தையும் பாருங்கள். நெட்டைக்காலி என்றால் பெயரிலேயே இருக்கிறது, கால் நீளம். நிமிர்ந்து நிற்கும், அலகு மெலிந்திருக்கும். கொண்டை வானம்பாடிக்குத் தலையில் கூரான கொண்டை. ஜெர்டான் புதர் வானம்பாடி சற்றுப் பெரியது, மார்பில் கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரியும். முக்கியமாக அது புதர் நுனியிலும் வேலிக் கல்லிலும் கம்பியிலும் ஏறி உட்காரும், அங்கிருந்து எழுந்து கால்களைத் தொங்கவிட்டபடி மிதந்து இறங்கும்.

சாம்பல் தலையின் பெண் பறவையோ கோடு, புள்ளி எதுவும் அழுத்தமாக இல்லாத வெறும் பழுப்பு. தடித்த குட்டை அலகு, உருண்டை உடல், தரையோடு ஒட்டிய நடை. இதற்கு மேலும் சந்தேகம் என்றால் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். பக்கத்தில் எங்காவது கறுப்பு வயிற்று ஆண் வந்து நிற்கும். தனியாகப் பார்த்ததை “ஏதோ ஒரு வானம்பாடி” என்று குறித்துக்கொள்வதில் தவறில்லை. ஊகித்துப் பெயர் எழுதுவதை விட அது நேர்மையானது.

தரிசாகக் கிடக்கும் நிலத்தில் மரம் நட்டால் பறவைகள் பெருகும்தானே? நீங்கள் ஏன் எதிர்க்கிறீர்கள்?

மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. இந்த நிலத்தில் நடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். கேட்பவர்கள் நல்ல மனத்தோடு கேட்கிறார்கள். அதனால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தரிசு என்ற சொல் வரியையும் சாகுபடியையும் கணக்கில் வைத்து வந்தது. பயிர் இல்லை என்பதுதான் அதன் பொருள், உயிர் இல்லை என்பதல்ல. மேய்க்கால் புறம்போக்கு என்று ஆவணத்தில் இருக்கும் நிலத்தில் புல் இருக்கிறது. புல்லை நம்பி ஆடு, மாடு, முயல், கவுதாரி, வானம்பாடி, அவற்றை நம்பிப் பாம்பும் பருந்தும் இருக்கின்றன. அங்கே நெருக்கமாகக் கன்று நட்டுக் குழிக்குக் குழி தண்ணீர் ஊற்றினால் சில ஆண்டுகளில் நிழல் விழும். நிழலில் வெயில் விரும்பும் புல் தேயும். காக்கையும் வல்லூறும் உட்கார்ந்து தரையை நோட்டமிடக் கிளை கிடைக்கும். பறவைகள் பெருகும் என்பது உண்மைதான். மைனா, காக்கை, புல்புல் பெருகும். அவற்றுக்கு ஏற்கெனவே ஊரெல்லாம் மரம் இருக்கிறது. தரையில் முட்டையிடும் பறவைக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை.

நிழல் வேண்டும் என்றால் ஊருக்குள், சாலையோரம், குளக்கரையில் நடலாம். கொறங்காட்டில் உள்ளது போல ஏக்கருக்கு ஓரிரண்டு வெள்வேலம் நிற்பதில் இந்தப் பறவைக்குக் குறை இல்லை. தோப்பாவதுதான் குறை. எல்லாவற்றையும் விட, நடாமலே காடு முழுவதையும் பிடித்துக்கொள்ளும் சீமைக்கருவேலத்தைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்கினால் அதுவே பெரிய உதவி.

இது அழிந்துவரும் பறவை இல்லை என்றுதானே பட்டியலில் இருக்கிறது? பிறகு எதற்கு இவ்வளவு கவலை?

சரிதான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது கவலை குறைந்த இனமாகவே உள்ளது. பரப்பு பெரியது, உழுத காட்டிலும் வாழத் தெரிந்தது. நாளைக்கே அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் பட்டியல் துணைக்கண்டம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கிறது. நான் பார்ப்பது நடந்து போகும் தூரத்தை. நான் தொடங்கியபோது காலையில் சுற்றிய ஐந்து மேட்டுக்காடுகளில் இரண்டு இன்று மனைப் பிரிவாகிவிட்டன. வெள்ளைக் கற்கள் நட்டிருக்கின்றன, வீடு ஒன்றுகூட வரவில்லை. ஒன்றில் சூரிய மின்தகடுகள் வரிசையாக நிற்கின்றன. அந்த மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூரைகளும் ஏற்கெனவே கெட்டுப்போன நிலங்களும் இருக்கும்போது முதலில் கைவைப்பது புல்வெளியில் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. பொதுவாகக் காணப்படும் பறவை குறைவதை யாரும் கவனிப்பதில்லை. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலின்போதும் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் ஒரு காலையை மேட்டுக்காட்டுக்கும் ஒதுக்குங்கள். கால் மணி நேரம் நின்று எண்ணி எழுதினால் போதும்.

கூட்டைப் படம் எடுக்கலாமா? பிடித்து வளர்க்கலாமா?

இரண்டும் வேண்டாம். பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படத்தைப் பொறுத்தவரை, நண்பகலில் அந்தப் பறவை எதற்காக நிற்கிறது என்று கூட்டைப் பற்றிய பதிலில் சொன்னேன். நீங்கள் லென்ஸைச் சரிசெய்யும் பத்து நிமிடம் அது கூட்டை விட்டு விலகி நின்றால், முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துபோக அது போதும். ஆண் பறவை வானில் விழுந்து எழுவதைப் படம் எடுங்கள். கடினமான படம் அது, யாருக்கும் தீங்கு இல்லை.

உழும்போது கூடு கண்ணில் பட்டுவிட்டது. என்ன செய்வது?

டிராக்டரை நிறுத்திய அந்த மனத்துக்கு முதலில் நன்றி. கூட்டைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்காதீர்கள், தாய் அதைத் தேடி வராது. கூட்டைச் சுற்றி ஒரு கட்டில் அளவு இடத்தை உழாமல் விட்டால் போதும். முட்டை என்றால் ஏறக்குறைய மூன்று வாரம், குஞ்சு என்றால் பத்து நாள் வரை பொறுத்தால் இடம் காலியாகிவிடும்.

அடையாளத்துக்குக் குச்சி நடாதீர்கள். இதை என் தவற்றிலிருந்து சொல்கிறேன். ஒருமுறை கூட்டுக்குப் பக்கத்திலேயே துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டுவைத்தேன். மறுநாள் போனபோது அந்தக் குச்சியின் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. கூட்டில் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் பத்தடி தள்ளி இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல்லை வைத்துவிட்டு, நடுவில் இருக்கிறது என்று மனத்தில் வைத்துக்கொள்கிறேன்.

பறக்கத் தெரியாத குஞ்சு தனியாகத் தரையில் கிடந்தது. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். தவறா?

தெரியாமல் செய்ததுதான், வருந்த வேண்டாம். ஆனால் உடனே கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே ஒரு புல்தூரின் நிழலில் விட்டுவிட்டு விலகி வாருங்கள். பறக்கும் முன்பே கூட்டைவிட்டு நடந்துவிடும் பிள்ளைகள் இவை. கைவிடப்பட்டவை அல்ல. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. நீங்கள் கண்ணை விட்டு மறைந்ததும் இரையோடு வரும்.

எனக்கு நாலு ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. வானம்பாடி தங்க வேண்டுமானால் நான் என்ன செய்ய வேண்டும்?

குறைவாகச் செய்ய வேண்டும். தண்ணீர்த் தொட்டி, தீவனம், கூட்டுப் பெட்டி எதுவும் தேவையில்லை. வேலியோரமாக இல்லாமல் காட்டின் நடுவில் அரை ஏக்கரை மாசி முதல் வைகாசி வரை ஏர் படாமல் விடுங்கள். அந்த மாதங்களில் ஆடுகளை அங்கே மாலையில் மட்டும் ஓட்டுங்கள், பட்டி போடாதீர்கள். கற்களைப் பொறுக்கிக் குவிக்க வேண்டாம், அதற்குக் கூட்டின் விளிம்புக்கும் வேண்டும், நின்று பார்க்கவும் வேண்டும். பூச்சிமருந்து அந்தப் பக்கம் போகக் கூடாது. சீமைக்கருவேலக் கன்றைப் பார்த்தால் வேரோடு எடுத்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர், உழவுக்கூலி கட்டுப்படியாகவில்லை என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு துண்டை அப்படியே போட்டுவிட்டார். முதல் கோடையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் கோடையில் ஓர் ஆண் பறவை மட்டும் அந்தத் துண்டின் மேல் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது. இந்த ஆண்டு பங்குனியில் அவரே என்னை அழைத்துக்கொண்டு போய், பத்தடி தள்ளி நிறுத்தி, விரலை நீட்டாமல் கண்ணாலேயே இடத்தைக் காட்டினார். கல் வளையத்துக்குள் மூன்று முட்டைகள் இருந்தன.